வின் ஸ்கல்லியின் 67 பருவங்கள்: ஒலிவாங்கி பிடிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத் திடல்களில் நடக்கும் காற்பந்துப் போட்டிகளுக்கு வர்ணனை சொல்லிப் பழக வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது ஓர் அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளரின் பதிவுகளை. காற்பந்து மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்கு இது விநோதமாகப் படுவதில் வியப்பில்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வின் ஸ்கல்லி என்பவர் யார்?

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1927 நவம்பர் 29 அன்று பிறந்து, 2022 ஆகஸ்ட் 2 அன்று தமது 94ஆம் வயதில் காலமான விளையாட்டு வர்ணனையாளர். டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் தொடர்ந்து வர்ணித்தார். அந்த அணி 1958இல் நியூயார்க்கின் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் உடன் போனார். இடையில் சிபிஎஸ், என்பிசி ஆகிய தேசியத் தொலைக்காட்சிகளுக்கும் பணியாற்றினார். அந்தக் காலத்தின் நீளம் புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லலாம்: நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய 1963 டிசம்பரில் அவர் ஏற்கெனவே 14 பருவங்களை முடித்திருந்தார்.

பேஸ்பாலே தெரியாத நாங்கள் அவரைக் கேட்டு என்ன பயன்?

விதிகள் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் பந்தை எறிகிறார், மற்றவர் மட்டையால் அடிக்கிறார், வேலிக்கு வெளியே அடித்தால் அது ஹோம் ரன். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அந்தச் சுற்றில் அணியின் முறை முடிந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது சுற்றுகள். இவ்வளவு போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஆட்டத்தின் நடையை. அவர் காலத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீண்ட ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையில் விளையாட்டில் இருந்தது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் எறிபவர் மூச்சு வாங்குவதும், மட்டையாளர் கையுறையைச் சரிசெய்வதும்தான். இப்படி ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். வாய் வல்லமை மட்டும் உள்ள ஒருவருக்கு முதல் மாதத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும். காற்பந்தில் பந்து ஓடிக்கொண்டே இருப்பதால் நம் குறைகளை வேகம் மூடிவிடுகிறது. பேஸ்பாலில் அவை வெட்ட வெளிச்சமாகத் தெரியும். அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

அவர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்? செல்வாக்குள்ள குடும்பமா?

இல்லை. பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பட்டுத்துணி விற்பனையாளரான தந்தை, மகனுக்கு ஐந்து வயதாகும் முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நான்கு கால்களோடு நின்ற பெரிய வானொலிப் பெட்டியின் அடியில் தவழ்ந்துபோய்ப் படுத்துக்கொண்டு, ஒரு தம்ளர் பாலும் பிஸ்கட்டுமாக அமெரிக்கக் கால்பந்து வர்ணனைகளைக் கேட்ட சிறுவன் அவர். தம்மைக் கவர்ந்தது கூட்டத்தின் ஆரவாரம் மேலிருந்து தம்மீது பொழிவதுதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மௌனங்களைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் மாணவர் வானொலியில் பழகினார். பட்டம் பெற்றபின் பல நிலையங்களுக்குக் கடிதம் எழுதினார். வாஷிங்டனில் ஒரு கோடைக்கால வேலை மட்டுமே கிடைத்தது. பிறகு சிபிஎஸ் வானொலியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவரும் டாட்ஜர்ஸ் அணியின் முதன்மை வர்ணனையாளருமான ரெட் பார்பரை நேரில் போய்ப் பார்த்துத் தம் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். 1949 நவம்பரில் பார்பருக்கு அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அழைப்பை எடுத்த தாயார், அக்காலத்துப் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ரெட் ஸ்கெல்டன் கூப்பிட்டதாக மகனிடம் சொன்னாராம்.

அந்த வேலை, பாஸ்டனின் ஃபென்வே பார்க் அரங்கில் மேரிலாந்து, பாஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அறைக்குள் உட்கார்ந்து பேசப்போகிறோம் என்று நினைத்து மேலங்கி, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் விடுதியிலேயே விட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் அரங்கத்தின் கூரை. கையில் ஓர் ஒலிவாங்கி, பின்னால் நீண்ட கம்பிச் சுருள், நவம்பர் மாதத்து வடகிழக்குக் குளிர். பந்து போகும் பக்கமெல்லாம் கூரைமேல் கம்பியை இழுத்துக்கொண்டு நடந்தபடியே ஆட்டத்தைச் சொல்லி முடித்தார். குளிரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ ஒலிபரப்பில் ஒரு சொல் இல்லை. சில நாள் கழித்து, இடவசதி செய்து தர முடியாமல் போனதற்குப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் வருத்தம் தெரிவித்தபோதுதான் பார்பருக்கே நடந்தது தெரிந்தது. அடுத்த வாரம் ஹார்வர்ட், யேல் ஆட்டத்துக்கு அனுப்பினார். 1950இல், 22 வயதில், டாட்ஜர்ஸ் வர்ணனை அறையில் ஸ்கல்லிக்கு இடம் கிடைத்தது.

நம் திடல்களில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது, ஒலிபெருக்கி கரகரக்கிறது, மேசைக்கு நிழல் இல்லை என்று ஆட்டத்தின் நடுவே ஒலிவாங்கியிலேயே முறையிடுகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆட்டம் பார்க்க வந்தவருக்கு உங்கள் மேசையின் வெயில் ஒரு செய்தியே அல்ல.

ரெட் பார்பரிடம் அவர் கற்றுக்கொண்டது என்ன?

முக்கியமாக இரண்டு. பார்பர் தம் மேசைமேல் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். முட்டை அவிக்கும்போது நேரம் பார்க்கச் சமையலறையில் வைப்பது. மணல் இறங்கி முடிந்தவுடன் ஆட்டத்தின் நிலவரத்தைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பார். வானொலியை அப்போதுதான் திருப்பியவருக்கு முதலில் தெரிய வேண்டியது எத்தனைக்கு எத்தனை என்பதுதான் அல்லவா? நம் போட்டிகளிலும், இரண்டாம் பாதியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது அதைத்தான். நான் கைப்பேசியில் அதிர்வு மணி வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, மற்ற வர்ணனையாளர்களைக் கேட்டுப் பழகாதே என்பது. இந்த அறைக்குள் வேறு யாராலும் கொண்டுவர முடியாதது ஒன்று உன்னிடம் இருக்கிறது, அது நீதான்; பிறரைக் கேட்கக் கேட்க அதில் தண்ணீர் கலந்துவிடும் என்ற கருத்தில் பார்பர் சொன்னதை ஸ்கல்லி கடைசிவரை எடுத்துச் சொன்னார். அப்படியானால் ஸ்கல்லியைக் கேட்கச் சொல்வது முரண் ஆகாதா என்று சென்ற ஆண்டு ஒரு தம்பி மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் பேஸ்பால் சொன்னவரைத் தமிழில் காற்பந்து சொல்லுகிறவர் போலி செய்ய நினைத்தாலும் முடியாது. அவரிடமிருந்து எடுக்கக்கூடியது முறை மட்டுமே. குரலை எடுக்க வழியில்லை.

வானொலி வர்ணனைக்கும் தொலைக்காட்சி வர்ணனைக்கும் என்ன வேறுபாடு?

வானொலியில் நீங்கள் சொல்லாதது நடக்காதது. தொலைக்காட்சியில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். படம் காட்டாததைச் சொல்வதே உங்கள் வேலை. ஸ்கல்லி இரண்டிலும் வாழ்ந்தவர். பிற்காலத்தில் ஆட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் அவர் பேசியது தொலைக்காட்சி, வானொலி இரண்டிலும் ஒரே நேரத்தில் போனது. கண்ணுள்ளவருக்குச் சலிக்காமலும், காது மட்டும் கொடுப்பவருக்குக் குறையாமலும் பேசுவது கம்பிமேல் நடக்கும் வித்தை.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. நம் தோட்டத் திடலுக்கு நெருக்கமானது அதுதான். 1958 முதல் 1961 வரை டாட்ஜர்ஸ் அணி விளையாடியது லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில். 90,000க்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய அந்த அரங்கம் பேஸ்பாலுக்காகக் கட்டப்பட்டதன்று. பின்வரிசையில் இருப்பவருக்கு ஆட்டக்காரர் எறும்பாகத்தான் தெரிவார். எனவே மக்கள் டிரான்சிஸ்டர் வானொலியை அரங்கத்துக்கே கொண்டுவந்து, கண்ணெதிரே நடப்பதை ஸ்கல்லியின் குரலில் கேட்டார்கள். அன்றைய நடுவர்களில் ஒருவரான ஃபிராங்க் செகோரிக்கு அன்று பிறந்தநாள் என்று ஒரு முறை தெரியவந்தபோது, மூன்று எண்ணியதும் எல்லோரும் வாழ்த்துங்கள் என்று ஒலிபரப்பில் கேட்டுக்கொண்டார். அவர் எண்ணி முடித்ததும் அரங்கமே வாழ்த்தொலி எழுப்பியது. நடுவர் திடுக்கிட்டுப் போனார். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே ஆட்டத்தைச் சொல்லும்போது அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால்தான் கேட்பார். நாம் கையில் பிடிக்கும் ஒலிவாங்கி செய்ய வேண்டியதும் அதுவே.

முக்கியமான கட்டங்களில் அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்கிறார்களே, அது திறமையா, சோம்பலா?

என் கணிப்பில் அவருடைய தொழில் வாழ்க்கையின் சாரமே அந்த மௌனங்கள்தான். மூன்று சான்றுகள்.

1955இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ், தங்களைப் பலமுறை தோற்கடித்த நியூயார்க் யாங்கீஸ் அணியை வென்று பருவ முடிவில் நடக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை முதன்முறையாகப் பெற்றது. 27 வயது ஸ்கல்லி, பெரியோர்களே, புரூக்ளின் டாட்ஜர்ஸ் உலக வாகையர் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். எப்படி அவ்வளவு அமைதியாக இருக்க முடிந்தது என்று பின்னர் கேட்டவர்களிடம், இன்னொரு சொல் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன் என்றார்.

1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தமது 715ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் நெடுநாள் சாதனையை முறியடித்தார். ஆரன் கறுப்பினத்தவர்; அந்தச் சாதனையை நெருங்கிய மாதங்களில் அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்திருந்தன. பந்து வேலியைத் தாண்டியதைச் சொல்லிவிட்டு ஸ்கல்லி எழுந்து அறையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். கூட்டத்தின் ஓசை மட்டும் ஒலிபரப்பானது. ஓசை தணிந்தபின் திரும்பி வந்து, அமெரிக்காவின் ஆழ்ந்த தெற்கில் ஒரு கறுப்பினத்தவருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்றார். கறுப்பினத்தவரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்த தென் மாநிலங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். புள்ளிவிவரத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த இரவின் பொருள் அந்தக் கைதட்டலில் இருந்ததை அவர் கண்டுகொண்டார். அதைக் காண அவருக்கு நேரம் கொடுத்தது அந்த மௌனம்.

மூன்றாவது 1988 அக்டோபர் 15, வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம், என்பிசி தொலைக்காட்சி. டாட்ஜர்ஸ் அணியின் கிர்க் கிப்சனுக்கு இரண்டு கால்களிலும் காயம். கேமரா அணியின் இருக்கைகளைத் தேடிப் பார்த்தபோது, கிப்சன் அங்கேகூட இல்லை, இன்றிரவு ஆடமாட்டார் என்னும் பொருள்படப் பேசினார் ஸ்கல்லி. உள்ளே சிகிச்சை அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த கிப்சனின் காதில் அது விழுந்தது. எழுந்து, என்னால் அடிக்க முடியும் என்று மேலாளர் டாமி லசோர்டாவுக்குச் சொல்லி அனுப்பினார். கடைசிச் சுற்றில், இரண்டு பேர் ஆட்டமிழந்த நிலையில், அணி 4-3 எனப் பின்தங்கியிருக்க, நொண்டியபடி களமிறங்கி டென்னிஸ் எக்கர்ஸ்லியின் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். தளத்தில் காத்திருந்த சக ஆட்டக்காரரோடு சேர்த்து இரண்டு ஓட்டங்கள்; ஆட்டம் 5-4. பந்து போய்விட்டது என்று அறிவித்த ஸ்கல்லி ஒரு நிமிடத்துக்கும் மேல் வாய் திறக்கவில்லை. கிப்சன் முஷ்டியை ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டிச் சுற்றி வருவதும், அணியினர் மொய்ப்பதும், கூட்டத்தின் இரைச்சலும் மட்டும்தான். பிறகு ஒரே வாக்கியம்: நடக்கவே வாய்ப்பில்லாதவையாக நடந்த ஓர் ஆண்டில், நடக்க முடியாததே நடந்துவிட்டது. வானொலிப் பெட்டியின் அடியில் படுத்து ஆரவாரத்தில் நனைந்த சிறுவன் பெரியவனானபின் மற்றவர்களுக்கும் அதைத் திறந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் கோல் விழுந்ததும் நீட்டி முழக்குவது தவறா?

தவறில்லை. ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம். கோல் போட்டவரின் பெயரைக் கூட்டம் கேட்க வேண்டும்.

அணியிடம் சம்பளம் வாங்கியவர் நடுநிலையாக இருந்தாரா?

தம் அணியைக் குறிக்க அவர் "நாம்" என்று பேசுவதைத் தவிர்த்தார். டாட்ஜர்ஸ் என்றே சொன்னார். எதிரணிக்காரர் நன்றாக ஆடினால் அதே சூட்டோடு புகழ்ந்தார். 1965 செப்டம்பர் 9 அன்று டாட்ஜர்ஸின் சாண்டி கூஃபாக்ஸ் மட்டை பிடிக்க வந்த 27 முறையும் எதிரணியினரை ஒருவர்கூடத் தப்பாமல் ஆட்டமிழக்கச் செய்த அபூர்வ ஆட்டத்தின் கடைசிச் சுற்றில்கூட, அவர் வானொலியில் தேதியையும் மணித்துளியையும் சொன்னாரே தவிர வெற்றிக் கூச்சல் போடவில்லை. அந்தப் பதிவு கூஃபாக்ஸுக்கு நினைவாக இருக்கட்டும் என்று நேரத்தைக் குறித்ததாகப் பிறகு விளக்கினார்.

நம்மூரில் இது எளிதன்று. களத்தில் ஓடுவது உங்கள் மாமன் மகன், எதிரணிக் கோல்காவலர் பக்கத்துத் தோட்டத்து வகுப்புத் தோழன், ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுத்தவர் ஓர் அணியின் புரவலர். அதனாலேயே "நம்ம பையன்" என்ற சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. சண்டை வந்தால் முதலில் அடி விழுவது மேசைக்கு.

அவர் தனியாகத்தான் பேசினாரா? துணை வர்ணனையாளர் கிடையாதா?

என்பிசியில் ஜோ கராஜியோலா போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் உடன் இருந்தார்கள். டாட்ஜர்ஸ் ஒளிபரப்பில் பெரும்பாலும் தனியாகவே இருந்தார். பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பார்ப்பவர் இருவரின் உரையாடலை ஒட்டுக்கேட்பவர் ஆகிவிடுவார். தனியாக இருந்தால் நேரே அவரிடமே பேசலாம் என்பது அவருடைய கொள்கை.

பேஸ்பால் தவிர வேறு விளையாட்டுகள்?

சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக 1975 முதல் 1982 வரை அமெரிக்கக் கால்பந்தும் கோல்ஃபும் வர்ணித்தார். 1982 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் டுவைட் கிளார்க் எட்டிப் பிடித்து டல்லாஸ் அணியை வீழ்த்திய புகழ்பெற்ற பிடி அவர் வர்ணித்ததே.

ஆட்டத்துக்கு முன் எப்படித் தயாராவது?

ஸ்கல்லி மணிக்கணக்கில் முன்னதாகவே அரங்குக்கு வந்து, இரு அணியினரைப் பற்றியும் குறிப்பெடுத்துக்கொள்வார். எடுத்ததில் பெரும்பகுதியைச் சொல்லவே வாய்ப்பு வராது. வரும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நமக்கு முதல் வேலை பெயர்கள். கைக்கு வரும் அணிப் பட்டியலில் எம். சரவணன், கே. சரவணன், வெறும் சரவணன் என்று மூவர் இருப்பார்கள்; 7ஆம் எண் சட்டையை மாற்றாட்டக்காரரும் போட்டுக்கொண்டு வருவார்; மலாய், சீன நண்பர்கள் பெயர் அவசரத்தில் பாதி எழுதப்பட்டிருக்கும். அணி மேலாளரிடம் போய் ஒவ்வொரு பெயரையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு, வீட்டில் எப்படி அழைப்பார்கள், காலணி என்ன நிறம், எந்தத் தோட்டம் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மழையில் எண் தெரியாமல் போனாலும் ஆரஞ்சுக் காலணி தெரியும். செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தன் மகன் பெயர் சரியாக ஒலிபெருக்கியில் வருவதைவிட உங்கள் உவமைகள் பெரிதல்ல.

தமிழில் விளையாட்டு வர்ணனை சொல்லி வாழ முடியுமா?

முழுநேரப் பிழைப்பாக மலேசியாவில் கடினம். பெரிய போட்டிகளின் நேரலை வர்ணனை இங்கே பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ்நாட்டில் அகில இந்திய வானொலியின் கிரிக்கெட் வர்ணனையால் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பெயர்பெற்றார். இன்று ஐபிஎல் ஆட்டங்களைத் தமிழில் ஸ்ரீகாந்த், பத்ரிநாத் போன்ற முன்னாள் வீரர்களின் குரலில் கேட்கிறோம். மொழிக்குத் திறமை இருக்கிறது. இங்கே இடம் சிறியது.

ஆனால் ஸ்கல்லியின் அறைக்குப் பக்கத்து அறையைப் பாருங்கள். ஹைமே ஹரீன் 1955இல் ஈக்வடாரிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கு வந்தபோது பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. 1959 முதல் டாட்ஜர்ஸ் ஆட்டங்களை ஸ்பானிய மொழியில் வானொலியில் சொல்லத் தொடங்கினார். ஆரம்ப ஆண்டுகளில் வெளியூர் ஆட்டங்களுக்கு ஸ்பானிய வர்ணனையாளர்களை அனுப்பவில்லை. நிலையத்தில் அமர்ந்து ஆங்கில ஒலிபரப்பைக் காதில் வாங்கி, அதை அந்தக் கணமே ஸ்பானிய மொழியில் ஆட்டமாக மீண்டும் உருவாக்கினார்கள். 1981இல் மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ வலன்சுவேலா என்னும் இளம் எறிவாளர் நாட்டையே கலக்கியபோது, ஆங்கிலம் தெரியாத அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவரும் ஹரீன்தான். 1998இல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃபிரிக் விருது அவருக்குக் கிடைத்தது. ஸ்கல்லி அதைப் பெற்றது 1982இல். ஹரீன் 64 பருவங்களுக்குப் பின் 2022இல் ஓய்வு பெற்றார். யாரும் கேட்காத மொழி என்று ஒதுக்கப்பட்டதிலிருந்து தொடங்கியவர், அந்த மொழி பேசும் மக்களையே அரங்கத்துக்கு அழைத்துவந்தார். தமிழில் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் ஆள் அவர்.

ஓய்வு பெற்றது எப்படி?

படிப்படியாக. கடைசி ஆண்டுகளில் தொலைதூரப் பயணங்களை விட்டுவிட்டு, சொந்த அரங்கிலும் மேற்குக் கரையிலும் நடந்த ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். கடைசி ஆட்டம் 2016 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோவில், ஜயண்ட்ஸ் அணிக்கு எதிராக. அடுத்த மாதம் அதிபர் ஒபாமா அவருக்கு அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கம் அணிவித்தார். குரல் நன்றாக இருக்கும்போதே இறங்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன்; நம் பக்கத்தில் ஒலிவாங்கியை விட மனமில்லாத பெரியவர்கள் உண்டு, மரியாதை கருதி மேலே சொல்லவில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

1988 கிப்சன் ஆட்டத்தின் கடைசிச் சுற்றை இணையத்தில் முதலில் ஒலியோடு பாருங்கள். பிறகு ஒலியை அடைத்துவிட்டு நீங்களே தமிழில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உங்கள் பதிவில் எத்தனை வாக்கியங்கள் படத்தில் தெரிந்ததையே மறுபடி சொல்லின என்று அடிக்கோடிடுங்கள். அதன்பின் அருகில் நடக்கும் எந்தத் தோட்டப் போட்டிக்கும் போய், ஓர் ஆட்டம் முழுவதும் ஒலிவாங்கி இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் எழுந்து வேறு இடம் போகாவிட்டால் என்னிடம் வாருங்கள். அணிப் பட்டியலைப் போட்டிக்கு முந்தைய நாள் மாலையே வாங்கி வைத்திருக்க வேண்டும். காலையில் வந்து கேட்பவருக்கு ஒலிவாங்கி தரமாட்டேன்.